ஒரு நாட்டுக்கு ஒரே சங்கம்

பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்வோரின் தேசிய அமெச்சூர் ரேடியோ சங்கத்தோடு சண்டை போட்டு விலகிய சடையன், 1984-இல் மலையூரான ஜமுனாமரத்தூரில் தனிச்சங்கம் தொடங்கி, இத்தகைய சங்கங்களின் உலக அமைப்பிடம் அங்கீகாரம் கேட்டிருந்தார். ஒரு சாயங்காலம், அந்த அமைப்பைச் சேர்ந்த ஜப்பான்காரர் ரேடியோவிலேயே பதில் சொன்னார். ஒரு நாட்டுக்கு ஒரு சங்கத்தைத்தான் ஏற்பார்களாம். இந்தியாவுக்கு ஏற்கெனவே இருக்கிறதாம்.

சடையன் மைக்கை வைக்கப் போனார்.

அந்தக் குரல் மேலும் சொன்னது: மலைப்பாதை சரிந்தபோது சடையன் ரேடியோவில் கூப்பிட்டு டாக்டரை வரவழைத்ததை, தேசிய சங்கத்தார் உலக அமைப்பின் மாநாட்டில் அவர் பெயரோடு பெருமையாகச் சொன்னார்களாம்.

சடையன் மைக்கைக் கீழே வைத்தார்.

"இன்னா சொல்றாருங்க?" என்றாள் மனைவி மங்கம்மாள்.

"யாரைத் திட்டிட்டு வந்தேனோ, அவங்களே எம்பேரை ஒசத்திச் சொல்லிக்கீறாங்க மங்கா!"

மறுநாள் காலை, திரும்பவும் அதே சங்கத்தில் சேர, அதன் மெட்ராஸ் கிளைக்குப் புறப்பட்டார்.