ஏழு எண்ணும் இடைவெளி

காது பரிசோதிக்கிற வேலைக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லித்தருவது, கை தாளம் போடக் கூடாது என்பதுதான்.

சத்தம் புகாத சிறிய அறைக்குள் ஒருவர் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருப்பார். அந்த அறையைப் பெட்டி என்போம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். நான் ஒரு விசையைத் தொட்டால் அவர் காதுக்குள் மெல்லிய 'பீப்' ஒலி போகும். கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துவார். என் முன்னால் பச்சை விளக்கு எரியும். ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், எதுவரை விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள்வேன். ஒலிகளுக்கு நடுவே விடும் இடைவெளி ஊகிக்கும்படி இருந்தால் மனிதர்கள் கேட்காமலே அழுத்திவிடுவார்கள். ஏமாற்றும் எண்ணமெல்லாம் அவர்களுக்கு இருக்காது. வரப்போகிறது என்று காத்திருக்கும் மனதுக்கு, வந்தது போலவே இருக்கும்.

பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நான் கேட்கும் இசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வயலினுக்குப் பெரியப்பா மாதிரி ஆளுயரத்துக்கு ஒரு வாத்தியம் உண்டு, டபுள் பாஸ். அதை மட்டுமே வாசிக்கிற மூன்று பேர், எங்கோ ஒரு குளிர்ந்த கூடத்தில் உட்கார்ந்து பதிவு செய்த நாற்பது நிமிடம். பாட்டில்லை, மெட்டு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஓர் இழுப்பு. பிறகு நான்கு எண்ணும் வரை அமைதி. மறுபடி ஓர் இழுப்பு. ஏழு எண்ணும் வரை அமைதி. பிறகு அடுத்தடுத்து இரண்டு. தந்தியிலிருந்து வில்லை எடுத்த பிறகும் மரம் கொஞ்ச நேரம் உள்ளுக்குள் முனகும். அது அடங்கி, ஒன்றுமே இல்லாமலாகி, அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த இழுப்பு வரும். இணையத்தில் அதை நானூறு தடவை கேட்டிருப்பதாகக் கணக்குக் காட்டியது. அதில் முந்நூறு நானாகத்தான் இருக்கும்.

"மாடி வீட்டுல பீரோவ நகத்துறாங்களா?" என்பார் வீட்டுக்காரர்.

மகள் இன்னும் கனிவானவள். "அம்மா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு இருவது நிமிஷமாச்சு."

"ஐயோ பாவம்."

"யாரு?"

"வாசிக்கிறவங்கதான்."

நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்களுடைய கேலியை விட என்னுடைய அந்தச் சிரிப்புதான் எனக்கு வலித்தது. பிறகு அதை வீட்டில் போடுவதை நிறுத்திவிட்டேன். பேருந்தில் கேட்டேன், துணி மடிக்கும்போது ஒற்றைக் காதில் கேட்டேன். மறைத்துக் கேட்க அதில் என்ன தப்பு இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் மறைத்தேன்.

எங்கள் மருத்துவமனையின் பின்பக்க அறையில், காதுக் கருவிக்கான அச்சு எடுக்கும் அக்கா ஒருத்தி இருந்தாள். அச்சு எடுக்கிற அக்கா எல்லோருக்கும் அச்சக்கா ஆகிவிட்டாள். என்னைவிட ஆறு வயது பெரியவள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைப் 'பீப்' என்றுதான் கூப்பிடுவாள். பதினான்கு வருடமாக எங்களுக்குள் சாப்பிட்டியா, கிளம்பிட்டியா என்பதற்கு மேல் பேச்சு போனதில்லை.

ஒரு நாள் ஒரு படிவத்தைக் கொடுப்பதற்காக அவள் அறைக்குப் போனேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அச்சு மாவு கலக்கும் தட்டைக்கத்தியின் பிடியால் மேசையை ஒரு முறை தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். என் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு. என்னை அறியாமல் கதவில் இரண்டு தட்டு தட்டினேன். அதே நொடியில் அவளும் மேசையில் இரண்டு தட்டினாள்.

திரும்பிப் பார்த்தாள். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவள் போல இருந்தது முகம். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"ஏய் பீப். உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு பேரு. பெரிய வாத்தியம்."

"கடைசியில ஒருத்தர் இருமுவாரே..."

"முப்பத்தொம்பதாவது நிமிஷத்துல."

அச்சக்கா நாற்காலியில் சாய்ந்தாள். "நான் என்னமோ எனக்குத்தான் மறை கழண்டிருக்குன்னு நெனச்சேன்" என்றாள்.

அன்றிலிருந்து மதிய உணவு அவள் அறையில். அலமாரி முழுக்க நூற்றுக்கணக்கான காதுகள், வெள்ளை மாவில் வார்த்தவை. அவற்றுக்குக் கீழே ஒரு பெஞ்சு. இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவள், நடுவில் ஒரே இயர்போன். அதன் கம்பி குட்டை. என் வலது காதில் ஒன்று, அவள் இடது காதில் ஒன்று.

"இத்தனை காது இருக்கு பாரு இங்க" என்று அலமாரியைக் காட்டுவாள். "ஒண்ணுக்காவது ரசனை இருக்கா?"

அந்த இரண்டு வருடம் நாங்கள் எங்களைப் பற்றி ஒன்றும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் கணவர் பிரிந்துபோனதைக்கூட வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தேன். ஆனால் ஏழு எண்ணும் அந்த இடைவெளியில், பக்கத்தில் இன்னொருத்தி அதே எண்ணிக்கையில் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறாள் என்பது, நான் அதுவரை யாரிடமும் பெறாத ஒன்றாக இருந்தது. கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, ஒரு வீட்டையே கட்டிக் காத்துக்கொண்டிருப்பவள் இப்படிச் சொல்லலாமா என்று தோன்றும். ஆனாலும் அது அப்படித்தான்.

ஒரு நாள் பெஞ்சருகே வந்து நின்றவள், "இன்னிக்கு நீ இந்தப் பக்கம் உக்காரு" என்றாள்.

"ஏங்க்கா?"

"இடது காது அடைச்சாப்ல இருக்கு. நேத்து காலையிலேர்ந்து. சளிதான்."

இடம் மாறி உட்கார்ந்தோம். கேட்டு முடித்த கையோடு, "வாங்க, டெஸ்ட் பண்ணிடலாம்" என்று நானே அவளைக் கூட்டிப்போனேன். இன்னும் பத்து நிமிடம் மதிய இடைவேளை மிச்சமிருந்தது. பெட்டிக்குள் உட்கார்ந்ததும் அவள் கண்களை மூடிக்கொண்டாள். வலது காது நன்றாக இருந்தது. இடது காதுக்கு மாற்றினேன். ஒலியைக் குறைக்கக் குறைக்கப் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒன்றைக்கூட அவள் விடவில்லை. நான் தொடுவதும் விளக்கு எரிவதும் அத்தனை ஒட்டி நடந்தன. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. படிவத்தில் நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"சளிதான்க்கா. இறங்கிடும்."

"அப்பாடா. உன் வாயால சொல்லிட்ட. போதும்."

ஐந்து வாரம் அவள் அந்த வார்த்தையை நம்பினாள். அடைப்பு போகவில்லை. பிறகு காதுக்குள் இரைச்சல் ஆரம்பித்தது. ஒரு நாள் தொலைபேசியை இடது காதில் வைத்துவிட்டு, "லைன் செத்துப்போச்சு" என்றாள். வரவேற்பில் இருந்தவர் வாங்கிப் பார்த்தார். லைன் உயிரோடுதான் இருந்தது.

அப்போது என் அறைப் பெட்டிக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதனால் அச்சக்கா இரண்டாவது அறைக்குப் போனாள். அங்கே இருப்பவரை சீனியர் என்போம். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிறது. எந்தப் பாட்டும் பிடிக்காத மனிதர். குழந்தையை முடித்துவிட்டு நான் ஓடிப்போய் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"இடது காதுல நெறைய போயிருக்கும்மா" என்றார் அவர் திரும்பாமலே. "ஒலிய நல்லா ஏத்துனாத்தான் நிச்சயமா பதில் வருது. அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல. ஆனா வேற ஒரு கூத்து நடக்குது பாரு. நான் சும்மா இருக்கேன், இவங்க அழுத்துறாங்க."

அவர் இரண்டு கைகளையும் விசையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார்.

பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. நான் எண்ண விரும்பவில்லை. ஆனாலும் எண்ணினேன். நான்கில் எரிந்தது. பிறகு ஏழு வரை இருட்டு. பிறகு அடுத்தடுத்து இரண்டு.

"என்ன, உள்ள தாளம் போட்டுட்டு இருக்காங்களா?" என்றார் சீனியர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கண்களை மூடியிருந்தாள். முகம் கவனமாக, அமைதியாக, பெஞ்சில் என் பக்கத்தில் இருப்பது போலவே இருந்தது. ஐந்து வாரம் முன்பு நான் செய்த சோதனையில் என் கை என்ன செய்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதினாறு வருடம் தாளம் போடாத கை, எனக்குத் தெரியாமல், அப்போதுதான் கேட்டு முடித்திருந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. அவளும் தவறாமல் கூடவே வந்திருக்கிறாள். அவளைத் தவிர வேறு எவரானாலும் அந்தச் சோதனையில் தோற்றிருப்பார்கள். தோற்றிருந்தால் காது பிழைத்திருக்கலாம்.

டாக்டர் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அஞ்சு வாரம் முன்னாடி நார்மல். அப்ப நடுவுலதான் திடீர்னு போயிருக்கு. காது போன ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது."

"என் தப்புதான் டாக்டர்" என்றாள் அச்சக்கா. "டெஸ்ட்தான் நல்லா வந்துடுச்சேன்னு அசட்டையா இருந்துட்டேன்."

நான் கதவோரம் நின்றிருந்தேன். என் காதில் விழுந்ததெல்லாம் 'சிலருக்குத் திரும்பாது' என்பது மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொள்வதற்காக என்னை நானே வெறுத்துக்கொண்டு, விடாமலும் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்கடுத்த நாள் மதியம் இயர்போனோடு போனேன். என் வலது கையைப் பிடித்து அழுத்தினாள். "வேண்டாம் பீப்."

"வலது காதுல கேக்கலாமேக்கா."

"கேக்கலாம். இழுப்பெல்லாம் கேக்குது, வீட்டுல போட்டுப் பாத்தேன். நடுவுல வருமே அமைதி, அது இல்ல இப்ப. அந்த எடத்துல இந்த இரைச்சல் உக்காந்துட்டு இருக்கு. பிரஷர் குக்கர் மாதிரி." சிரித்தாள். "நாப்பது நிமிஷத்துல நமக்கு வேண்டியதே அதுதானே."

நான் எனக்குள் ஒத்திகை பார்த்த எல்லா வாக்கியங்களும் அங்கே நின்றுபோயின. சோற்றை மட்டும் மென்றேன். அப்படியே ஒன்பது நாள்.

பத்தாம் நாள் அவள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மிச்சமிருக்கும் கொஞ்சம் கேள்திறனுக்குக் கருவி போட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு இடது காதுக்கு அச்சு வேண்டும். ஆயிரம் பேருக்கு எடுத்தவள்தான். தன் காதுக்குத் தானே எடுக்க முடியாது.

"உனக்குத்தான் கை நிதானம்" என்றாள்.

நூல் கட்டிய பஞ்சை உள்ளே வைத்தேன். பசையைக் குழாயில் நிரப்பி, காதுக்குள் மெதுவாகச் செலுத்தினேன். அது இறுக நாலு நிமிடமாகும். அதுவரை தாடை அசையக் கூடாது. அசைந்தால் காதின் குழியும் அசைந்து அச்சு கெட்டுவிடும். நோயாளிகளிடம் அவள் வழக்கமாகச் சொல்வதை நான் அவளிடம் சொன்னேன். "நாலு நிமிஷம். கடவுளே வந்து கேட்டாலும் பதில் சொல்லாதீங்க."

கண்ணால் சிரித்தாள். நான் அவளுடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

அவளால் பதில் பேச முடியாத நேரமாகப் பார்த்துத்தான் நான் சொல்லியிருக்கிறேன் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"அக்கா, அன்னிக்கு டெஸ்ட் நார்மல் இல்ல. நான்தான் தப்பா பண்ணேன். நாம கேட்டுட்டு வந்த அதே கணக்குல பீப் குடுத்திருக்கேன், எனக்கே தெரியாம. நீங்க காதால கேட்டு அழுத்தல. அந்த ரெண்டாவது ரூம்ல உங்க வெளக்கு எரிஞ்சத பாத்தப்பதான் புரிஞ்சுது. அன்னிக்கே சரியா பாத்திருந்தா மருந்துக்கு நேரம் இருந்துச்சு. டாக்டர் ரூம்ல நீங்க உங்க தப்புன்னு சொன்னப்ப நான் சும்மா நின்னேன்."

அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு தசை இறுகியது, தளர்ந்தது, மறுபடி இறுகியது. கண்ணிலிருந்து வழிந்தது தாடைவரை வந்து நின்றது. துடைக்கவில்லை. கடிகாரத்தில் இன்னும் இரண்டரை நிமிடம் இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீண்ட அமைதியை நான் கேட்டதில்லை.

நேரம் முடிந்ததும் அவளே நூலைப் பிடித்து அச்சை வெளியே இழுத்தாள். விளக்கின் கீழே வைத்து, பழக்கதோஷத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லு. அது உன் வேலை." அச்சை மேசையில் வைத்தாள். "ஆனா ஒண்ணு. அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு."

"இல்லக்கா, அது..."

"நீ படிச்சவ, நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்குக் கேட்டுச்சு. ஒவ்வொண்ணும், இந்தக் காதுல, சன்னமா, சுத்தமா. இந்தக் காது கடைசியா கேட்டது அதுதான்னு வச்சிருந்தேன். ராத்திரி இரைச்சல் ஜாஸ்தியாறப்ப அதத்தான் நெனச்சுப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "இப்ப அதுவும் கேக்கலேன்னு சொல்லிட்ட."

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதையும் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்வதா என்று விழுங்கினேன்.

அவள் அச்சின் ஓர் ஓரத்தை நகத்தால் தொட்டுக் காட்டினாள். குழி வளையும் இடத்தில் சின்னதாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

"தாடை ஆடிருச்சு. இது ஆகாது." புதுப் பஞ்சை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, இடது காதை என் பக்கம் திருப்பிக் கண்களை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவ எடு. இந்தத் தடவ பேசாத."

எடுத்தேன். பேசவில்லை.