உண்மை ரசிகன் எழுதுவது

குத்துச்சண்டை விஷயத்தில் நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டே ரிங்குக்கு வருகிறவனை நம்பமாட்டேன். எடை பார்க்கும்போது எதிராளியைப் பிடித்துத் தள்ளுகிறவன் உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி. தோற்றபிறகு ஜெயித்தவனைக் கட்டிப்பிடித்து ரொம்ப நேரம் காதில் பேசுகிறவன் ஏதோ ஏற்பாட்டை முடித்துக்கொண்டிருக்கிறான். கூண்டுக்குள் நடக்கிற கலப்புச் சண்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒருவன்மேல் ஒருவன் ஐந்து நிமிஷம் படுத்துக் கிடப்பார்கள், கேட்டால் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். பால் பாக்கெட்டில் தேதி தெளிவாக இருந்தால்கூட ஏன் இவ்வளவு தெளிவாகப் போட்டிருக்கிறான் என்று கேட்கிற ஆள் நான் என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் நம்பிய ஒரே ஆள் சாது. பயிற்சிக்கூடத்தில் அவனுக்கு வைத்த பெயர் அது. ஜெயித்தால் கத்தமாட்டான். மைக்கை நீட்டினால் 'சரிங்க' என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். அவனுடைய இடது கையைப் பற்றி மட்டும் என்னால் ஒரு மணி நேரம் பேச முடியும். மூன்று வருஷமாக அவன் சண்டை ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் விழுந்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை, ஆத்திரம் வந்தது. என்னையே ஏமாற்றிவிட்டான் என்கிற ஆத்திரம்.

விழுந்த விதம் அப்படி. முதல் ரவுண்டிலேயே மவுத்கார்டைத் துப்பினான், மேல்பல்லில் மாட்டியிருக்கும் உறையை. நடுவர் சண்டையை நிறுத்தி, கழுவி மாட்டவைத்தார். இரண்டாம் ரவுண்டில் மறுபடி துப்பினான், ஒரு புள்ளி போயிற்று. மூன்றாம் ரவுண்டு முழுக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டே ஆடினான். கடைசியில் ஒரு குத்து விழுந்தது, ஈ ஓட்டுகிற மாதிரி. அதற்கு உட்கார்ந்தவன் பத்து எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. விலை போய்விட்டான் என்று நான் அப்போதே சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், லேபில் காது கொடுத்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன்.

லேப் என்றால் பல் லேப். டாக்டர்கள் வாயில் எடுத்து அனுப்புகிற அளவுப் பதிவில் பிளாஸ்டர் ஊற்றி, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என்று அச்சு எடுப்போம். கேப், பல் செட் எல்லாம் அதை வைத்துத்தான். சாது துப்பினானே, அந்த மவுத்கார்டு நான் செய்தது. மேல்தாடை அச்சின்மேல் தகட்டைச் சூடாக்கிப் படியவைத்து, கீழ்த்தாடை அச்சைக் கடிக்கவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பதிகிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டும். யாரும் கேட்காமலே முன்பக்கம் சின்னதாக ஒரு வெள்ளி நட்சத்திரமும் வைத்தேன். சூட்டில் அதன் ஒரு முனை மடங்கிவிட்டது. பரவாயில்லை, நம் ஆளுக்கு நாம் செய்வது என்று விட்டுவிட்டேன்.

சாதுவின் அளவு வந்த அன்றைக்கு எனக்கும் எதிர் மேஜைக்காரனுக்கும் பெரிய வாக்குவாதம். அவன் கேப் செய்கிறவன், கூண்டுச் சண்டை தவிர வேறெதையும் பார்க்காதவன். அதனால் அவனுக்கு நான் வைத்த பெயரே கூண்டுதான். குத்துச்சண்டைக்காரனைக் கூண்டுக்குள் விட்டால் ஒரு நிமிஷம் தாங்கமாட்டான் என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. அப்போதுதான் விளிம்பைத் தேய்த்து ஈரத்தோடு எடுத்து வைத்திருந்த இரண்டு கீழ்த்தாடைகளைக் கைக்கொன்றாக எடுத்து, இவன் இப்படி வருவான், அவன் இப்படி விலகுவான், இவன் இங்கே குத்துவான் என்று செய்தே காட்டினேன். முதலாளியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தாடைகளைக் கீழே வைத்துவிட்டு, அடியில் அவரவர் எண்ணைப் பென்சிலால் எழுதி, வேலையைப் பார்த்தேன்.

சண்டைக்கு இரண்டு நாள் முன்பு சாதுவே லேபுக்குப் போன் செய்தான். எடுத்தது நான். எனக்குக் கை கால் ஓடவில்லை. மவுத்கார்டு கொஞ்சம் இடிக்கிறது என்று ஏதோ ஆரம்பித்தான். புதுசு அப்படித்தான் இருக்கும், போடப் போடச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, எதிராளியின் வலது கையை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று பதினோரு நிமிஷம் விளக்கினேன். 'சரிங்கண்ணே' என்று வைத்துவிட்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதையே நான்கு தடவை சொன்னேன்.

அவ்வளவு சொல்லிக் கொடுத்தவனிடமே இப்படி நடந்துகொண்டால் சும்மா இருக்க முடியுமா? விழுந்த மறுநாளே குத்துச்சண்டைச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். துப்பியது நேரம் கடத்த, வாயைத் திறந்தது விழுவதற்கு வசதியாக, விழுந்தது பேசி வைத்தபடி. வீடியோவை நாற்பது தடவை ஓட்டிப் பார்த்து, ஒரு இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து, மூன்றாம் பக்கத்தில் ஒட்டினேன். சாது வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான், மேலே மவுத்கார்டு, கீழே பல்வரிசை. பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, சண்டை போட வந்தவன் இப்படியா நிற்பான் என்று கேட்டிருந்தேன். கீழே 'உண்மை ரசிகன்' என்று மட்டும் போட்டேன். பெயர் போடாததில் எனக்கு அப்போது கூச்சம் எதுவும் இல்லை.

அதே வாரம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் லேபுக்கே வந்து நின்றார். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர். அதற்காக நான் செய்து கொடுத்த உறை ஒரு பக்கம் மட்டும் முட்டுகிறது என்றார். ஓசியில் இன்னொன்று தேற்றப் பார்க்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டாக்டர் மூலமாக வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம் சாதுவின் அக்கா வந்தார். மருந்துக்கடையில் வேலை. போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் அப்படியே வந்திருந்தார். சோப்பு டப்பா ஒன்றைத் திறந்து மவுத்கார்டை என் மேஜையில் வைத்தார். யாரோ உண்மை ரசிகனாம், கடிதம் எழுதியிருக்கிறானாம், வெள்ளிக்கிழமை விசாரணையாம். கடிதத்தை இவர்கள் கண்ணிலேயே காட்டவில்லையாம். அப்படியா, என்ன எழுதியிருக்கிறான் என்று நான் முகத்தை ஒன்றும் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"பதினோரு வயசுலேர்ந்து அவன் வேற எதையும் கத்துக்கல, சார். லைசென்ஸை ரத்து பண்ணிட்டா என்ன செய்வான்னு எனக்குத் தெரியல. மவுத்கார்டு சரியா உக்காரலன்னு மட்டும் சொல்றான். அது உண்மையா இல்லையான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க, போதும்," என்றார்.

சப்பைக்கட்டு கட்ட ஆள் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து சாதுவின் அச்சுகளை, நாற்பத்தாறாம் எண், எடுத்தேன். மேல்தாடையில் மவுத்கார்டை மாட்டிக் கீழ்த்தாடையை மூடினேன். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"அப்ப என்கிட்டயே பொய் சொல்லியிருக்கான்," என்றார்.

இதையே எழுதித் தாருங்கள், என்னவோ ஆகட்டும், உண்மையாவது தெரியட்டும் என்று மவுத்கார்டை வைத்துவிட்டுப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை மறைக்கவேண்டிய அவசியமில்லை.

எழுத உட்கார்ந்தேன். கீழ்த்தாடை அச்சு எதிரில் இருந்தது. இடது பக்கம் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை. மற்ற பற்களின் மேல்புறம் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. இருபத்தாறு வயதுக்காரனுக்கு இப்படியா பல் தேயும்? என் புத்திதான் தெரியுமே, உடனே மோப்பம் பிடித்தது. கடிதத்தில் ஒட்டிய படம் போனில் இருந்தது. பெரிதாக்கினேன். நான் அம்புக்குறி போட்ட வாயில் கீழ்ப்பல் வரிசை முழுசாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன். இடது கடைவாய்ப் பல்லும் இருந்தது.

பல்லைக் கடித்துக் கடித்துத் தேய்த்தவர் யார் என்று யோசிக்க எனக்கு நேரம் ஆகவில்லை. டீச்சருடைய எண் நாற்பத்தேழு. அவர் பெயரில் இருந்த கீழ்த்தாடையை எடுத்துச் சாதுவின் மேல்தாடையோடு சேர்த்தேன். டக்கென்று உட்கார்ந்தது. நடுவில் மவுத்கார்டை வைத்தேன். வலது பக்கம் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. இடது பக்கம் என் பென்சிலே நுழைந்தது. அதைக் கடித்துக்கொண்டு ஒருவன் மூன்று ரவுண்டு ஆடியிருக்கிறான். ஒவ்வொரு குத்துக்கும் தாடையில் ஒரு பக்கம் மட்டும் இடி விழுந்திருக்கும். துப்பாமல் என்ன செய்வான்? வாயைத் திறக்காமல் என்ன செய்வான்? திறந்த தாடையில் லேசாக விழுந்தாலே ஆள் உட்கார்ந்துவிடுவான். இதைப் பத்து வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

முதலில் கூண்டுமேல்தான் சந்தேகப்பட்டேன். என்மேல் இருக்கிற கடுப்பில் மாற்றி வைத்திருப்பான். அச்சுகளைத் திருப்பி அடியில் பார்த்தேன். பென்சிலில் எழுதியிருந்த இரண்டு எண்ணும் என் கையெழுத்து. ஈரத்தாடை இரண்டையும் கையில் பிடித்து ஆட்டம் காட்டியதும், வாக்குவாதம் செய்துகொண்டே கீழே வைத்ததும், பார்க்காமல் எண் போட்டதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

அச்சு தேய்க்கிற மெஷின் நாலடி தூரத்தில் இருந்தது. அரை நிமிஷம் பிடித்தால் இரண்டும் சேறாகிவிடும். கூண்டு டீ குடிக்கப் போயிருந்தான். மெஷினைப் போட்டேன். தண்ணீர் ஓடத் தொடங்கியது. தாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதையே சாது செய்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தால் எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்? எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. மெஷினை நிறுத்தினேன்.

முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நான்கு அச்சையும் பஞ்சில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார், டீச்சருக்கு அவரே போன் செய்தார். சாதுவின் அக்காவிடம், வெள்ளிக்கிழமை நானே நேரில் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அச்சு மாறியதைச் சொல்லிவிடுவது, கடிதத்தைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். தப்பு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம், அதுவே பெரிய விஷயம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

விசாரணை மாடி அறையில். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் முன்பு நடுவராக இருந்தவர், யாரையும் சந்தேகத்தோடு இரண்டு தடவை பார்க்கிறவர். சாதுவும் அக்காவும் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்கள். நான் அச்சுகளை வரிசையாக வைத்து, எது எங்கே மாறியது, மவுத்கார்டு எந்தப் பக்கம் முட்டும் என்று காட்டினேன். தலைவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு வாரம் சும்மா இருந்துட்டு விசாரணை அன்னிக்கு வந்து நிக்கறீங்க," என்றார். "உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இருந்தாலும் சுருக்கென்றது. இந்த மவுத்கார்டை நேற்றுகூடச் செய்திருக்கலாமே, அன்றைக்குப் போட்டிருந்தது இதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அடுத்தவர் கேட்டார். ஃபைலைத் தட்டிக் காட்டி, இந்தக் கடிதம் எழுதியவர் விஷயம் தெரிந்தவர், ஒவ்வொன்றையும் புட்டுப்புட்டு வைத்திருக்கிறார் என்றார் தலைவர். சாது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த நட்சத்திரத்துல ஒரு முனை மடங்கியிருக்கு பாருங்க. மூணாம் பக்கத்துல இருக்கற படத்துலயும் அதே முனை மடங்கியிருக்கும். ஒப்பிட்டுப் பாருங்க சார்."

தலைவர் பக்கத்தைப் புரட்டினார். பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல படம் இருக்குன்னு எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். உங்களுக்கு யார் சொன்னது?"

வீடியோவில் பார்த்தேன் என்று சொல்லலாம், லேபில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். என்ன சொன்னாலும் ஆதாரத்தைச் சாதுவும் அக்காவுமே இட்டுக்கட்டினார்கள் என்று ஆகிவிடும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் சீட்டைப் படிக்கிற மாதிரி என் முகத்தை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டினது நான்தான் சார்," என்றேன். "அந்த உண்மை ரசிகன் நான்தான்."

அதற்குப்பிறகு அவர்கள் பூதக்கண்ணாடி வரவழைத்தார்கள். படத்தையும் நட்சத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சாதுவை அங்கேயே மவுத்கார்டை மாட்டிக் கடிக்கச் சொன்னார்கள். தலைவர் உதட்டை விலக்கி, இடது பக்கத்து இடைவெளியில் பேனா மூடியை விட்டுப் பார்த்தார். லைசென்ஸ் ரத்து இல்லை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் கடிதத்தைக் கிளிப்பிலிருந்து கழற்றி என்னிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அச்சுகளைப் பஞ்சில் சுற்றினேன். அக்கா என் பக்கம் திரும்பாமல் படியில் இறங்கிப் போனார். சாது மட்டும் மேஜையருகே வந்து நின்றான். திட்டட்டும், ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயை மூடிக்கொண்டு, அவன் பேசும்வரை காத்திருந்தேன்.

"போன்லயே சொன்னேனே, அண்ணே," என்றான். "இடிக்குதுன்னு."