கைராசியும் தராசும்

பெரிய டாக்டருக்குக் கைராசி உண்டு என்று ஊரே சொல்லும். சும்மா சொல்லக்கூடாது, முதுகெலும்பு ஆபரேஷனில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எவ்வளவு ரத்தம் போனது என்று கேட்டால் மட்டும் எந்த நோயாளிக்கும் ஒரே பதில்தான்: "ஒரு முந்நூறு மில்லி." எட்டு மணி நேரம் ஆனாலும் முந்நூறு.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன தியேட்டர் நர்ஸ், ஒரு நாள் தன் அடுப்படித் தராசைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ரத்தம் ஒற்றிய துணிகளை எடைபோட்டு, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, உறிஞ்சிய பாட்டிலில் சேர்ந்ததையும் கூட்டினாள். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கிட்டால் ஆயிரத்து நூறு மில்லி வந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் 'தராசு' என்றே பெயர். வைத்தவர் பெரிய டாக்டர், கிண்டலுக்குத்தான். அவள் அலட்டிக்கொள்ளாமல் மேலும் ஐந்து ஆபரேஷனுக்கு எடைபோட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தாள்.

ஏழாவதாக வந்தவள் ஒரு தையல்காரி. சின்ன வயதிலிருந்தே வளைந்த முதுகு, இப்போது கால் மரத்துப்போகும் அளவுக்கு முற்றியிருந்தது. அவளுடைய ரத்த வகையோ லேசில் கிடைக்காதது. ரத்த வங்கி முழுக்கத் தேடியும் ஒரே ஒரு பைதான் கிடைத்தது.

"ஒரு பைக்கு மேல தேவைப்பட்டா என்ன பண்ணுவீங்க சிஸ்டர்?" என்று ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் கேட்டாள்.

நர்ஸுக்குப் பொய் வராது. "உங்க ரத்தம் உங்ககிட்டயே இருக்கற மாதிரி பாத்துக்கறேன்மா" என்றாள். சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது உறைத்தது.

வழி இல்லாமல் இல்லை. டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று ஒரு மருந்து. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பிடித்து வைக்கும். கத்தி வைப்பதற்கு முன்பே நரம்பில் ஏற்றினால் கசிவு குறையும். ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் யோசித்துத்தான் தரவேண்டும். தையல்காரிக்கு அந்தப் பயம் இல்லை என்று மயக்க டாக்டர் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் பெரிய டாக்டரிடம் கேட்டார்.

"என் கைக்கு எதுக்குய்யா மருந்து? நாளைக்குக் கால்ல ரத்தம் கட்டிக்கிச்சுன்னா நீ பதில் சொல்வியா?"

மயக்க டாக்டர் சின்ன வயசுக்காரர். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை தையல்காரி மயக்கத்தில் குப்புறப் படுத்திருந்தாள். கத்தி வைப்பதற்கு முன் நர்ஸ் கேள்விகளை உரக்க வாசிக்கவேண்டும், எல்லோரும் பதில் சொல்லவேண்டும். அது அங்கே சட்டம்.

"எவ்வளவு ரத்தம் போகும்னு எதிர்பாக்கறீங்க டாக்டர்?"

"முந்நூறு. கத்தி குடு."

அவள் கொடுக்கவில்லை. ஆறு எண்ணும் அவளுக்கு மனப்பாடம். "ஆயிரத்து நூறு. தொள்ளாயிரத்து அம்பது. ஆயிரத்து நானூறு..." ஆறையும் சொல்லி முடித்தாள். "இவங்களுக்கு ஒரே ஒரு பைதான் இருக்கு. மருந்து ஏறட்டும், கத்தி தரேன்."

பெரிய டாக்டர் நீட்டிய கையை இறக்கவில்லை.

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுது டாக்டர். நேத்து இவங்ககிட்டயும் பேசினேன்."

  அவள் மயக்க டாக்டர் பக்கம் திரும்பினாள். "அந்தத் தட்டுல ஊசி எதுக்கு டாக்டர் சும்மா கிடக்குது?"

கிடந்தது அந்த மருந்தேதான். விடிந்ததும் விடியாததுமாக நிரப்பி வைத்திருந்தார், போடத்தான் தைரியம் வரவில்லை. இப்போது யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்துக் குழாயில் பொருத்தினார். மருந்து ஏறப் பத்து நிமிஷம். பத்து நிமிஷமும் பெரிய டாக்டர் சுவரைப் பார்த்து நின்றார். பிறகு அவள் கத்தியை நீட்டினாள்.

ஐந்து மணி நேரம் கழித்துத் தராசும் பாட்டிலும் சொன்ன கணக்கு நானூற்று இருபது. ரத்தப் பையைத் தொடவே இல்லை.

"பாத்தியா, என் கைராசியை!" என்றார் பெரிய டாக்டர். குரலை இறக்கி, "நாளைலேருந்து நீ என் தியேட்டர் பக்கம் வராதே."

"சரி டாக்டர். கைராசியை கேஸ் ஷீட்டுல எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியலை. மருந்தை மட்டும் எழுதிட்டேன்."

அவளைக் காயத்துக்குக் கட்டுப் போடும் அறைக்கு மாற்றினார்கள். தராசை வேண்டுமென்றே தியேட்டர் அலமாரியில் விட்டுவிட்டு வந்தாள். நாலாம் நாள் தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்கே நடந்து வந்தாள்.

"எனக்கு எத்தனை பை ஏத்தினாங்க சிஸ்டர்?"

"ஒண்ணுகூட இல்லை. உடம்புல ஓடறது அத்தனையும் உங்களுது."

தையல்காரி தன் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் போன் அடித்தது. மயக்க டாக்டர்.

"அக்கா, உங்க தராசு இங்கயே இருக்கு."

"வந்து எடுத்துக்கணுமா?"

"வேண்டாங்க்கா. இன்னிக்கு யாரையும் கேக்காம முதல்லயே மருந்து போட்டுட்டேன். இப்ப துணியை எடைபோட்டுக்கிட்டிருக்கேன். காய்ஞ்ச துணி ஒண்ணு எத்தனை கிராம்?"

பின்னால் அந்தப் பழகின குரல் கேட்டது: "முந்நூறுன்னு எழுதுய்யா!"

"இருபது கிராம்" என்றாள். பிறகு போனைத் தாண்டி அந்தத் தியேட்டர் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "தராசு சொல்றதை எழுதுங்க டாக்டர்!"