முன்னோக்கி ஒரு நடவு

இரண்டு கைகளிலும் நாற்று முடிச்சுகள் சொட்டச் சொட்ட வரப்பில் ஓடினாள் செம்மொழி. ஒரு கால் வழுக்கிச் சேற்றுக்குள் போனது. பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

"அசிஸ்டென்ட் டைரக்டரா நீ, மாப்ள ஊர்வலமா?" குடைக்குக் கீழே உட்கார்ந்து கத்தினார் இயக்குநர் இளஞ்செழியன். பாபநாசம் வந்து பன்னிரண்டு நாளில் அவர் செருப்பில் ஒரு சொட்டுச் சேறு பட்டதில்லை. எடுப்பதோ உழவர் காவியம்.

செம்மொழிக்கு இது மூன்றாவது படம். மூன்றிலும் கற்றது ஒன்றுதான்: எப்படிப் படம் எடுக்கக் கூடாது என்பது. தோள்பையில் அவளுடைய சொந்தக் கதை, நாலாவது தடவையாகத் திருத்தியது. இன்று நாகூரிலிருந்து வரும் தயாரிப்பாளர் நெய்னா முகம்மதுவிடம் அதைச் சொல்ல வைப்பதாக இளஞ்செழியன் வாக்குக் கொடுத்திருந்தார். காலையில் பல் குத்திக்கொண்டே பேச்சை மாற்றினார்.

"உன் கதையா? அதை நீயே கைவிட்டுட்டதா பாய்கிட்ட சொல்லிட்டேம்மா. உனக்கெல்லாம் எதுக்கு?"

வயலில் பெண்கள் வழக்கம்போலப் பின்னோக்கி நகர்ந்தபடி நட்டார்கள்.

"கட்! கேமராவைப் பாத்து முன்னாடி வாங்கம்மா! என் படம் முன்னேற்றத்தைப் பத்தினது!"

நடவுக்காரி ரெங்கம்மாள் இடுப்பை நிமிர்த்தினாள். "நட்டதை மிதிச்சுக்கிட்டா வரச் சொல்றீங்க? உங்க வீட்ல சோறு குக்கர்லயே விளையுதோ?"

வயலே சிரித்தது. இளஞ்செழியன் முகம் சுண்டிப்போனது. செம்மொழி டீயை நீட்டி, குனிந்து ஏதோ சொன்னாள். அவள் பக்கம் திரும்பாமலே உறிஞ்சினார். மறு நிமிடம் துள்ளி எழுந்தார்.

"பின்னாடியே போகட்டும்! படத்தைத் திருப்பி ஓட்டினா முன்னாடி வந்துடுவாங்க. எனக்கு மட்டும்தான்யா இதெல்லாம் தோணும்!"

மதியம் பாய் வந்து இறங்கினார். "முழுக்க என் ஐடியா பாய்" என்று பத்து முறை சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார் இளஞ்செழியன்.

திரையில் பெண்கள் கம்பீரமாக முன்னோக்கி வந்தார்கள். குனிந்தார்கள். நட்டிருந்த நாற்றை ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து பிடுங்கிக் கையில் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் வர வர வயல் மொட்டையானது.

மூன்று வேலி நிலம் வைத்திருக்கும் பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் தம்பி, நட்டதையெல்லாம் புடுங்குறதுதான் முன்னேற்றமா? இங்க நடவு தெரிஞ்ச ஆளே இல்லையா?"

"நான் இருக்கேன் பாய்." செம்மொழி பையைத் திறந்தாள். "கதையும் இருக்கு."

"நீ கைவிட்டுட்டதா சொன்னாரேம்மா?"

"அவர் சொன்னாரு. நான் விடல."

"உக்காரு. சொல்லு."

இளஞ்செழியன் லேப்டாப்பைப் படாரென்று மூடினார். படம் எப்படித் தெரியும் என்று நன்றாகத் தெரிந்தே, திருப்பி ஓட்டும் யோசனையை டீயோடு சேர்த்துக் கொடுத்தவள் செம்மொழிதான் என்பதை இனி அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?