சொட்டை10 மீது ஒரு புகார்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, செத்துப் பத்து மாதம் ஆன அண்ணனோடு பல்லுக்காரனுக்கு ஆட்டம் அமைந்தது.

திரையின் இடது பக்கம் அவன் பெயர். வலது பக்கம் 'சொட்டை10'. முப்பது வயதிலேயே முன் மண்டை காலியானதும் அண்ணன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. "ஊரு வெக்கிறதுக்கு முன்னாடி நாமளே வெச்சுக்கிட்டா வலிக்காது" என்பான். பெயருக்குப் பக்கத்தில் அதே மஞ்சள் சட்டை, அதே கோணல் தொப்பி போட்ட படம். பல்லுக்காரனின் கையிலிருந்து கன்ட்ரோலர் நழுவி மடியில் விழுந்தது.

பல்லுக்காரன் என்றால் பல் டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துப் பல் செட் செய்யும் பட்டறையில் அவனுக்கு வேலை. நாள் முழுக்க யாரோ ஒருவருடைய மேல்வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு ராவிக்கொண்டிருப்பான். லீவு நாளில் டிவி முன்னால் உட்கார்ந்து வீடியோ கேமில் கால்பந்து. எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆளோடு மோத வேண்டும். பத்து டிவிஷன்கள் உண்டு. ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் சறுக்கல். ஒன்றாவது டிவிஷனுக்கும் மேலே 'சிகரம்' என்று ஒன்று இருக்கிறது. அண்ணனும் தம்பியும் அவரவர் வீட்டில் இருந்தபடி, யார் முதலில் சிகரம் ஏறுவது என்று மூன்று வருடம் முட்டி மோதினார்கள். "நிஜப் படி ரெண்டு ஏறினா நாக்குத் தள்ளுது, இதுல சிகரம் வேற" என்று அவன் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அண்ணன் நாலாவது டிவிஷனில் இருந்தபோது ஒரு காலைப்பொழுதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். யாரையும் தொந்தரவு செய்யாமல் போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு தம்பி ஒரு வெறியோடு ஏறினான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஏறுவதாக நினைப்பு. இன்றைக்கு இந்த ஒரு ஆட்டத்தை ஜெயித்தால் சிகரம். எதிரில் வந்து நிற்பவனோ சொட்டை10. அவனும் ஒன்றாவது டிவிஷனில், அதே புள்ளிகளோடு!

செத்தவன் எப்படி மூன்று டிவிஷன் ஏறுவான்?

யோசிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. சொட்டை10 முதல் பந்தை நேராகத் தன் கோல்கீப்பருக்கே திருப்பி அனுப்பினான். அண்ணன் அப்படித்தான் ஆரம்பிப்பான், ஒவ்வொரு ஆட்டமும். உலகத்தில் எந்தப் பைத்தியக்காரனும் அப்படி ஆரம்பிக்க மாட்டான். பிறகு கோல்கீப்பர் பந்தை உருட்டிக்கொண்டு பாதி மைதானம் வரைக்கும் வந்தார். அதுவும் அண்ணன்தான்.

இருபதாவது நிமிடம் சொட்டை10க்கு ஒரு பெனால்டி. அண்ணன் எப்போதும் நட்டநடுவில்தான் அடிப்பான். அது தெரிந்திருந்தும் பயத்தில் பல்லுக்காரனின் கோல்கீப்பர் இடது பக்கம் பாய்ந்தார். பந்து நட்டநடுவில் போய் வலையில் விழுந்தது. பல்லுக்காரன் வாய்விட்டே "அண்ணே" என்றான். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த மனைவி ஓடி வந்தாள்.

"என்னங்க? யாரைக் கூப்பிட்டீங்க?"

அவன் திரையைக் காட்டினான். அவளும் பெயரைப் படித்தாள். ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அதில் சொட்டிய தண்ணீர் தரையில் குளமாகியதை இருவரும் கவனிக்கவில்லை.

எண்பதாவது நிமிடத்தில் சொட்டை10 இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தான். அப்போதுதான் அது நடந்தது. பந்தை மைதானத்தின் மூலைக்குக் கொண்டு போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, நேரத்தை ஓட்ட ஆரம்பித்தான். தொட வந்தால் வெளியே தட்டிவிடுவான், மறுபடி மூலை. ஆட்டம் முடியும்வரை இதே கூத்து.

பல்லுக்காரனுக்கு அதிர்ச்சி போய்க் கோபம் தலைக்கேறியது. அண்ணன் பத்துக்கு எட்டு என்று தோற்பானே தவிர, மூலையில் போய் ஒளிய மாட்டான். ஜெயிப்பதைவிட அடுத்த கோல்தான் அவனுக்குப் பெரிது. அப்படியானால் இது அண்ணன் இல்லை. எவனோ ஒரு திருட்டுப் பயல் அண்ணன் கணக்கின் பூட்டை உடைத்து உள்ளே புகுந்திருக்கிறான். சேமித்து வைத்த பழைய ஆட்டங்களைப் பார்த்து அவனைப் போலவே ஆடப் பழகி, அவன் சட்டையையும் போட்டுக்கொண்டு திரிகிறான்.

"செத்தவன் சட்டையைக்கூட விட்டு வைக்க மாட்டேங்கிறானுங்க" என்று கத்தினான்.

"எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் மனைவி. ஓரகத்தியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அண்ணிகிட்டயா? இப்பத்தான் கொஞ்சம் தேறி வேலைக்குப் போறாங்க. உங்க புருஷன் பேர்ல எவனோ ஆடுறான்னு சொல்லி மறுபடி அழ வெக்கச் சொல்றியா? முதல்ல அவனைப் பிடிப்போம், அப்புறம் சொல்லிக்கலாம்."

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசோடு அன்றைக்கே விளையாட்டு நிறுவனத்துக்குப் புகார் எழுதினான். கணக்கின் சொந்தக்காரர் இறந்துவிட்டார், வேறு யாரோ ஆடுகிறார், நடவடிக்கை எடுக்கவும். ஆதாரம் கேட்டார்கள். அண்ணன் காரியங்களுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன் இவன்தானே? இறப்புச் சான்றிதழ் போனிலேயே இருந்தது. அனுப்பிவிட்டு, உடன்பிறப்புக்கு ஒரு கடமையைச் செய்துவிட்டேன் என்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

புதன்கிழமை, யாரோ ஒரு பெரியவரின் கீழ்வரிசைக்கு மெருகேற்றிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது. "உரிமையாளர் காலமானதை உறுதி செய்துகொண்டோம். ஆழ்ந்த இரங்கல்கள். அவருடைய கணக்கு நிரந்தரமாக நீக்கப்பட்டது. ஞாயிறு ஆட்டத்தின் வெற்றி உங்களுக்கு வழங்கப்படுகிறது. சிகரத்துக்கு வரவேற்கிறோம்!" இரங்கலும் வரவேற்பும் ஒரே கடிதத்தில். அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தன.

பட்டறையிலிருந்து அண்ணி வீடு நடக்கிற தூரம்தான். அண்ணிக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி இரண்டு மணிக்குத்தான் வண்டி எடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பினான். திருடனைப் பிடித்த கதையை நேரில் சொன்னால்தான் நன்றாக இருக்கும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான்.

கதவு திறந்துதான் கிடந்தது. அண்ணி டிரைவர் சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கன்ட்ரோலர். டிவியில், "இப்படி ஒரு கணக்கு இல்லை" என்ற வரி.

"வா தம்பி, சாமி மாதிரி வந்தே" என்றாள். "காலையிலேர்ந்து திறக்க மாட்டேங்குது. ரகசிய எண்ணெல்லாம் சரியாத்தான் போடுறேன். கொஞ்சம் என்னன்னு பாரேன்."

அவன் வாசலிலேயே நின்றான்.

"அண்ணி... நீங்களா ஆடுனீங்க?"

அண்ணியின் முகத்தில் வெட்கம் வந்தது. "சிகரம் ஏறினப்புறம்தான் உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், ஏறியாச்சு, லீவு நாள்ல நேர்ல வந்து சொல்லலாம்னு காத்திருந்தேன். ஞாயித்துக்கிழமை உன் பேரைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கடைசியில மூலையில போய் நின்னேனே, உனக்குக் கோவம் வந்திருக்குமே? எனக்கு வேற வழி தெரியல. நீ அடிச்சிருந்தா போயிருக்கும்." அவள் சிரித்தாள். பத்து மாதத்தில் அவன் பார்த்த முதல் சிரிப்பு.

அவள் விடாமல் பேசிக்கொண்டே போனாள்.

"முதல்ல எனக்கு இந்தப் பொத்தான் எதுக்குன்னுகூடத் தெரியாது. மாசம் ஒரு ஆட்டமாவது ஆடலைன்னா சேமிச்சு வெச்ச கோலெல்லாம் அழிஞ்சுடும்னு ஒரு நாள் அறிவிப்பு வந்துச்சு. உங்கண்ணன் நாப்பத்து மூணு கோல் சேமிச்சு வெச்சிருந்தாரு. ஒவ்வொண்ணுலயும் மைக்ல கத்துவாரு பாரு, அந்தக் குரல் அப்படியே இருக்கும் தம்பி. வீடியோ எடுத்தா ஓடிப் போற மனுஷன். அவர் குரல்னு எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். அதை அழிய விடுவேனா? அதுக்காகத்தான் கத்துக்கிட்டேன். அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவரை மாதிரியே."

பல்லுக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். வழியெல்லாம் பார்த்த ஒத்திகையில் ஒரு வார்த்தைகூட உதவவில்லை.

"இது ஏதோ கோளாறுதானே? சரி பண்ணிடலாம்ல?"

"அண்ணி, நான்தான்."

"நீதான் என்ன?"

"யாரோ திருடன்னு நெனச்சுட்டேன். நான்தான் புகார் குடுத்தேன். சர்டிபிகேட்டும் நான்தான் அனுப்பினேன். அவங்க கணக்கையே எடுத்துட்டாங்க."

அண்ணி அவனையே பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவளோ கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, டிரைவர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள்.

அவன் நிறுவனத்துக்குப் போன் போட்டான். நான்கு பேர் மாறி மாறிப் பேசினார்கள். கெஞ்சினான், கத்தினான், மறுபடி கெஞ்சினான். நீக்கியது நீக்கியதுதான், சேமித்தவையும் சேர்ந்தே போய்விட்டன, இரங்கல்கள் என்று ஐந்தாவது ஆள் சொல்லிவிட்டு வைத்தான்.

அண்ணிக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உன் கணக்குல இருக்குமே! நீயும் அவரும் எத்தனை ஆட்டம் ஆடியிருப்பீங்க? நீ அவருக்கு அடிச்ச கோலெல்லாம் சேமிச்சிருப்பியே? அதுல அவர் பேசுறது கேட்கும்ல?"

அவனுக்கு உயிர் வந்தது. அண்ணன் வலையில் அடித்த கோல்களை எந்தத் தம்பி சேமிக்காமல் இருப்பான்? பதினேழு இருந்தன. அவசர அவசரமாக அந்த டிவியிலேயே தன் கணக்கைத் திறந்து, முதல் கோலை ஓட விட்டான். மஞ்சள் சட்டைகள் ஓடின. கோல்கீப்பர் வழக்கம்போலப் பாதி மைதானத்துக்கு வந்து மாட்டிக்கொண்டார். காலி வலையில் பந்து விழுந்தது. விளையாட்டின் கூட்டம் ஆரவாரம் செய்தது.

"சத்தத்தைக் கூட்டு" என்றாள் அண்ணி.

கூட்டினான். ஆரவாரம்தான் பெரிதானது.

"இன்னும் கூட்டு தம்பி."

"இதுக்கு மேல இல்ல அண்ணி."

இரண்டாவதை ஓட விட்டான். மூன்றாவது, நான்காவது. ஒன்றிலும் அண்ணன் இல்லை. அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

"நான் அவன் குரலை அணைச்சு வெச்சுட்டுத்தான் அண்ணி ஆடுவேன்" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "ரொம்பக் கிண்டல் பண்ணுவான். கவனம் சிதறும்."

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

அண்ணி குனிந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில், ஏதோ பழைய விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவர் ஆட்டம் முழுக்க உன்கிட்ட பேசிட்டேதான் இருப்பாரு. சாப்டியா, வேலை எப்படி, புள்ளைங்க எப்படின்னு. ஒரு பதிலும் வராது. நான் கேப்பேன், என்னங்க தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதேன்னு. 'அவன் ஆட்டத்துல முழு கவனமா இருக்கான்டி, காதுல எல்லாம் விழும்'பாரு."