இரண்டாவது சொட்டு

1

இந்தக் கதை குற்றாலம் மெயின் அருவியில், பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கிடைத்தது. 1983 சீசன். எனக்கு முன்னால் நின்றவள் பக்கத்திலிருந்தவளிடம் தண்ணீர் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்:

“ஏட்டி, எவர்சில்வர் துருப்பிடிக்குமா?”

“எங்க வீட்டுக் குடம் பளபளன்னுல்லா இருக்கு. ஏன் கேக்க?”

“எங்க வீட்டுக்காரர் வெல்டு வச்ச தொட்டி பூரா ஓட்டைன்னு மொதலாளி சொல்லுதாரு. இனி ஒரு பய வேலை தரமாட்டான்.”

“அப்போ எங்க குடத்தை அவர் கண்ணுல காட்டாத. பூவாளி ஆக்கிருவாரு.”

இருவரும் சிரித்தார்கள். முதலாமவளின் சிரிப்பை நான் நம்பவில்லை.

கேட்டது இவ்வளவுதான். மீதி நான் சேர்த்தது; மீதியைச் சந்தேகியுங்கள்.

2

முதல் தொடக்கம்: “பலவேசம் நேர்மையான வெல்டர்.”

(அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே நற்சான்று கொடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.)

இரண்டாவது: தென்காசியிலிருந்து ஆலங்குளம் போகும் ரோட்டில் ஓர் எலுமிச்சை ஊறுகாய்க் கம்பெனி. உப்புநீரும் எலுமிச்சைச் சாறும் சூடாக நிற்க ஒரு தொட்டி. தகடு வாங்கியவர் முதலாளி ஆவுடைநாயகம். வெல்டு வைத்தவர் பலவேசம். சில மாதங்களிலேயே ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள்.

அங்கே பரிசோதனைக்கூடத்தில் அகிலாண்டம், பி.எஸ்ஸி. வேதியியல். அதிகம் பேசமாட்டாள். (பேசாதவள் நல்லவள் என்று நீங்களே நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவா இப்படி எழுதுகிறேன்?)

3

கொஞ்சம் பாடம். எவர்சில்வரில் பல ரகம். சமையல் பாத்திரத்துக்கு 304 போதும். உப்பும் புளிப்பும் சூடாக நிற்கும் இடத்துக்கு 316. அதில் மாலிப்டினம் என்ற உலோகமும் சேர்ந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.*

* காந்தத்துக்கும். எங்கள் கடைத்தெருவில் காந்தம் வைத்துப் பார்த்துத்தான் எவர்சில்வர் வாங்குவார்கள், ஒட்டாவிட்டால் அசல். ஆவுடைநாயகம் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தோடு தகடு வாங்கப் போனார். இந்த இரண்டு ரகமும் காந்தத்தில் ஒட்டாது.

கடைக்காரர் 316 என்று சொல்லி 304-ஐத் தள்ளிவிட்டிருக்கலாம். அல்லது பலவேசம் வெல்டைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி பிரஷால் தேய்த்திருக்கலாம். அப்படித் தேய்த்தால் இரும்புத் துகள் ஒட்டி நல்ல தகடும் கெடும். தேய்த்தாரா? “இல்லவே இல்ல” என்கிறார். நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்கிறார்.

4

அகிலாண்டம் தகட்டுத் துண்டின் மேல் அமிலம் விட்டாள். “மாலிப்டினம் இருந்தா செவக்கும் மொதலாளி, ஆனா…” என்று தொடங்கினாள். ஆனாவுக்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

முதல் கரைசலைச் சொட்டினாள். சிவந்தது.

“பாத்தீராவே! நான் பாத்து வாங்குன சரக்கு சோடை போகுமா?”

“நல்லாப் பாருங்க மொதலாளி. தகட்டை நான் வாங்கலையே” என்றார் பலவேசம்.

“வாங்குனது நான். சல்லடையாக்குனது நீரு. ஊரெல்லாம் சொல்லத்தான் போறேன்.”

“அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க.”

“அது சோதனைக்குழாய்கிட்டதான்வே பேசும்.”

அவள் சொல்லாத பாதி இது: முதல் கரைசலில் சிவப்பது இரும்பு. எந்த எவர்சில்வரும் சிவக்கும். இரண்டாவது கரைசலை விட்டால் அந்தச் சிவப்பு மறையும். மாலிப்டினம் இருந்தால்தான் சிவப்பு மிஞ்சும்.

5

முடிவுகள்:

(அ) இரண்டாவது சொட்டை விடுகிறாள். சிவப்பு மறைகிறது, தகடு 304. பலவேசத்தின் பெயர் பிழைக்கிறது. (அவள் வேலை? அதை எழுதாமல் நழுவப் பார்த்தேன்.)

(ஆ) விடுகிறாள். சிவப்பு நிற்கிறது. பலவேசத்துக்கு இனி எந்தப் பட்டறையிலும் இடமில்லை, அவள் கையாலேயே.

(இ) அவள் விடவில்லை. இவளிடம் நீங்கள் எதிர்பார்ப்பது இதுதான் என்பதால் இதை நான் எழுதப்போவ—

பலவேசம் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். தன் வெல்டுதான் தப்பு என்று அவரே நம்பிவிட்டதுபோல் இருக்கிறது நடை. அல்லது தப்பித்தோம் என்று போகிறாரா?

இரண்டாவது சொட்டுக்குழாய் அவள் கையில். “அண்ணாச்சி, நில்லுங்க” என்று அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

என் குரலும் அந்த அறைக்குள் எட்டாது. வாசிக்கிறவர் நீங்கள், குரல் உங்களிடம் இருக்கிறது. என்ன நிறம் வரும் என்று தெரியாமலேதான் அவரைக் கூப்பிட வேண்டும்.

கூப்பிடுவீர்களா?