கூடைக்கு ஒரு சொற்றொடர்

1

இந்தக் கதை ஒரு கருமாதி வீட்டில் பிறந்தது. என் தோழி திரௌபதி, அனுமந்தைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியில் வரும்போது லாரி மோதி இறந்தாள். இருபத்தாறு வயது. பதினாறாம் நாள், பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா சின்னப்பாப்பா என்னிடம் கேட்டார்:

“ஏம்மா, பள்ளிக்கூடத்துல உங்க ரெண்டு பேருல யாருக்கு இங்கிலீஷ் நல்லா வரும்?”

“அவளுக்குத்தான் அத்த.”

“அப்பறம் ஏன் நீ விழுப்புரம் போன?”

கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தெரியலையே அத்த, என்றேன்.

எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

2

முதல் வரி: ‘மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் வெள்ளைவெளேரென்று—’

வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் வெள்ளையைப் பார்ப்பதில்லை, காலடியைப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று: ‘நான் ஒரு துரோகி.’

இது அழுகையை வரவழைக்கும் வரி. உண்மையா என்று இன்னும் தெரியாது.

மூன்றாவது: ‘எட்டாம் வகுப்பில் சூர்யகலா என்றொரு பெண் இருந்தாள்.’

இருக்கட்டும். சூர்யகலா நான்தான். கொஞ்சம் தள்ளி நிறுத்தினால்தான் அவளைக் கேள்வி கேட்க முடிகிறது.

3

எட்டாம் வகுப்பில் சூர்யகலா என்றொரு பெண் இருந்தாள். பலராமன் சார் வெள்ளிக்கிழமைதோறும் பத்து ஆங்கிலச் சொற்றொடர்களைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். திங்களன்று எண் சொல்லிக் கேட்பார். அந்த மாதம், திங்களன்று சரியாகச் சொல்பவர்களில் ஒருத்தரை மட்டும் விழுப்புரத்தில் நடக்கும் ஆங்கிலப் போட்டிக்கு அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார்.

சனி ஞாயிறுகளில் திரௌபதி அம்மாவோடு உப்பளத்தில் கூடை சுமந்தாள். சூர்யகலா நோட்டோடு வரப்பில் உட்கார்ந்திருப்பாள். கூடை கடக்கும்போது ஒரு சொற்றொடரைப் படிப்பாள். உப்பு அம்பாரம்வரை திரௌபதி அதை முணுமுணுத்துக்கொண்டே போவாள். அடுத்த கூடைக்கு அடுத்தது. (சூர்யகலா நிழலில் இருந்தாளா? ஆமாம், குடை வைத்திருந்தாள்.)

வெறுங்கூடையோடு திரும்பும்போது சண்டை.

“எ பீஸ் ஆஃப் கேக்னா ரொம்ப ஈஸின்னு அர்த்தமாம்.”

“கேக்கா? எங்க சித்தப்பா பையன் பர்த்டேக்கு வாங்கினத அரை மணி நேரம் வெட்டினாங்கடி. கத்தியே வளஞ்சிட்டுது.”

“அண்டர் தி வெதர்னா ஒடம்பு சரியில்ல.”

“அப்ப எங்கம்மாவுக்கு டெய்லி ஒடம்பு சரியில்ல. வெயிலுக்குக் கீழதான நிக்குது. சரி, அடுத்ததச் சொல்லு, கூடை ரொம்பிடுச்சி.”

போன வருடமே பள்ளியில் திரௌபதியின் அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையைச் சுமக்க விட்டால் கேஸ் ஆகும் என்று எச்சரித்திருந்தார்கள். அதனால் திரௌபதி சூர்யகலாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். “சார் கிட்ட மூச்சு விட்டுடாத.”

4

திங்கட்கிழமை.

“திரௌபதி, ஏழாவது சொல்லு.”

அவளுக்குப் பத்தும் தெரியும். ஆனால் ஏழாவது என்பது அவளுக்கு ஏழாவது கூடை. முதல் கூடையிலிருந்து நடந்தால்தான் அங்கே போய்ச்சேர முடியும். பெஞ்சை விட்டு வெளியே வந்தாள். உதடு அசைய, ஜன்னலிலிருந்து கதவுவரை நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். வலது கை தானாகத் தலைக்கு மேலே போய் நின்றது.

“எங்கம்மா போற? கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

கடைசி பெஞ்சிலிருந்து அறிவழகன், “சார், அந்த பஸ்ஸு எல்லா ஸ்டாப்புலயும் நின்னுதான் சார் போவும்!”

வகுப்பே சிரித்தது. மூன்றாவதோ நான்காவதோ நடையில் அவள் நின்றுவிட்டாள்.

“சூர்யகலா, நீ அவ கூடவேதான இருக்கற? என்ன, கிண்டல் பண்றாளா?”

சூர்யகலா எழுந்தாள். அந்த நடை எதற்கென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள்—

“தெரியல சார்.”

“சரி, நீ சொல்லு. ஏழாவது.”

“அண்டர் தி வெதர் சார்.”

5

(இங்கே நிறுத்துகிறேன். முதல் வரைவில் அடுத்த பகுதியில் நேராக விழுப்புரத்துக்குப் போயிருந்தேன்.)

‘தெரியல சார்’ என்பதற்குக் காரணம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் உப்பளம் வெளியே வரும், அவள் அம்மாவைக் கூப்பிடுவார்கள். சத்தியத்தைக் காப்பாற்றினேன். இதை இத்தனை வருடம் நம்பினேன்.

ஏழாவதைச் சொல்லும்படி எந்தச் சத்தியமும் இல்லை. அதைக் கேள்வி முடிவதற்குள் சொன்னேன்.

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சூர்யகலா, “சார், அவளை நடக்க விடுங்க சார்” என்கிறாள். எத்தனை சின்ன வாக்கியம்! உப்பளத்தின் பெயரே அதில் வரவில்லை. பதிமூன்று வயதில் இது தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லவில்லையா? கிழித்துவிட்டேன்.

6

மிச்சமிருப்பது நடந்தது மட்டும்.

விழுப்புரம் போகும் காலை, திரௌபதி மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். தன் ரிப்பனைக் கழற்றி எனக்குக் கட்டிவிட்டாள். நான் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் வெளியிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கேட்டாள்:

“ஏண்டி, அன்னிக்கி நீயும் தெரியாதுன்னு சொல்லியிருந்தா, சார் திரும்ப என்னக் கேட்டிருப்பாரு இல்ல?”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ‘போடி’ என்று எழுதினேன், அடித்தேன். ‘ஆமா’ என்று எழுதினேன், அதையும் அடித்தேன். எது சரி என்று சொல்லக்கூடிய ஒருத்தி இப்போது இல்லை.

இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

“………………………………”

யோசிக்க நேரமில்லை. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அவள் இன்னும் கம்பியை விடவில்லை.